பவித்ராவுக்குப் போட்டுக் கொடுத்த பதினெட்டுப் புள்ளி

அன்றைக்கு நாலாம் ஆண்டு வகுப்பறையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். சிவகௌரி டீச்சர். பத்து நிமிடம் நின்றுவிட்டு, போன் வந்ததென்று வெளியே போய்த் திரும்பி வந்த பள்ளிக்கூட அதிபர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து நான், ராஜி, லெச்சுமி அக்கா. மேல் லயத்து அம்மாமார் நான்கு பேர். அப்பாமாரில் ஒரே ஒருவர். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பதிலாக வந்து கடைசி வாங்குப் பலகையில் தூங்கிவிட்டார். பிறகு, சுவரில் புதுத் திரையைப் பொருத்த நுவரெலியாவிலிருந்து வந்த சிங்கள ஆள் ஒருவர், ஏணியில்.

மொத்தம் பதினொரு பேர். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதனால் கணக்குத் தப்பாது.

போன வாரம் இந்தப் பத்தியில் பீலிக் குழாயடித் தண்ணீர்ச் சண்டையை எழுதியதற்கு எங்கள் லயத்தில் இரண்டு வீட்டார் என்னோடு பேசுவதில்லை. இந்த வாரம் எத்தனை வீடோ.

பச்சைக் கட்டம்

வெளியே மழை. எல்லோருடைய குடையும் வாசலில் சாய்ந்து, தண்ணீர் ஓடி வகுப்புக்குள் வந்துகொண்டிருந்தது. திரைக்குச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சும் புது பிளாஸ்டிக்கும் ஒரு மாதிரி மணத்தன. டீச்சர் தன் போனைத் திரையோடு இணைக்கப் பார்த்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“தவ டிக்கக்” என்றார் ஏணியில் இருந்தவர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றே முக்கால் மணி நேரம் போனது.

“இந்நேரத்துக்கு நாலு கிலோ எடுத்திருக்கலாம்” என்றாள் லெச்சுமி அக்கா.

ஒருவழியாகத் திரை வெளிச்சமானது. வகுப்புப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரின் பெயரும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம். சில பச்சை, சில சிவப்பு.

“அம்மாமார் எல்லாரும் இஞ்ச பாருங்கோ” என்றார் சிவகௌரி டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாக எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர். “போனில பிள்ளையள் செய்த வாசிப்புச் சோதினையின்ர புள்ளி இது. பச்சை எண்டால் பிள்ளை நல்லா வாசிக்குது. சிவப்பெண்டால் நாங்கள் கவனிக்க வேணும்.”

நான் பெயர்களை மேலிருந்து கீழாகப் பார்த்து வந்தேன். பவித்ரா. இருபதுக்குப் பதினெட்டு. பச்சை.

சிவப்பில் எட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு மட்டும் சனிக்கிழமைகளில் வாசிப்பு வகுப்பு நடக்கப் போகிறதாம். அதற்கென்றே பயிற்சி எடுத்த ஒரு டீச்சர் டவுனிலிருந்து வருவாராம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுப்பாராம். காசு இல்லை. திங்கட்கிழமை காலையில் பெயர்ப் பட்டியல் கல்விக் கந்தோருக்குப் போய்விடும்.

“பச்சைப் பிள்ளையளின்ர அம்மாமார் ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை” என்று டீச்சர் சிரித்தார். “முதலாவதா வந்தது கவிதா. பத்தொன்பது. அவவுக்கு ஒரு டெப் குடுக்கச் சொல்லி பேர் அனுப்பியிருக்கிறம்.”

கவிதா ராஜியின் மகள். டெப் என்றால் கொப்பி அளவில் ஒரு பெரிய போன் மாதிரி. எல்லோரும் கை தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவும் எழுந்து தட்டினார்.

நான் தட்டவில்லை. என் மகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. அது எனக்குத் தெரிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நான் அசைந்ததைக் கண்டு ராஜி என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். “இருடி. பேசாம இரு.”

இருந்தேன்.

தேயாத விரல் யாருக்கு

அந்தப் பதினெட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்தில் நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேர். ஒழுங்கான போன் இரண்டு. ஒன்று ராஜியுடையது. மற்றது என்னுடையது, என் கணவர் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்து வாங்கி அனுப்பியது. அதன் வயிறு எப்போதும் நிறைந்தே இருக்கும். ஒரு படம் வந்தால் ஒரு படத்தை அழிக்க வேண்டும். அழிக்கப் போனால் வேறெதுவோ அழியும்.

“அந்த ஆப்பைத் தூக்கிட்டுத் திருப்பிப் போடு” என்பார் அவர், கொழும்பிலிருந்து.

“திருப்பிப் போட்டா பாஸ்வேர்ட் கேக்குதுங்க.”

“பாஸ்வேர்டைப் போடு.”

“அது தெரிஞ்சா நான் ஏன் ஒங்களுக்குக் கோல் எடுக்குறேன்?”

இப்படியே போன் கோலில் பாதிக் காசு போகும்.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பாடத்தைப் பேசி அனுப்புவார்கள், வீடியோவாக அனுப்புவார்கள். அதற்கு மேல் யாரோ காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்புவார்கள். ஒரு பிள்ளையின் மாமா வேலை வாய்ப்பு விளம்பரம் அனுப்புவார். பாடம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் சோறு குழைந்துவிடும்.

போனைத் திறக்கவே எங்களுக்குத் தனிப் பாடு. விரலை வைத்தால் திறக்கும் என்பார்கள். கொழுந்தெடுக்கிறவளின் விரலை எந்தப் போனும் ஒத்துக்கொள்ளாது. கறை ஏறி, வெடித்து, ரேகையெல்லாம் தேய்ந்து போயிருக்கும். ஈரக் கையால் தொட்டால் திரை தன்பாட்டுக்கு எங்கெங்கோ ஓடும். அதனால் எங்கள் லயத்தில் எல்லோருடைய போனையும் பிள்ளைகள்தான் திறப்பார்கள். திறந்து என்ன செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

சோதினையும் குழுவில்தான் வரும். நீல எழுத்தில் ஒரு லிங்க். அதை அமத்தி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சேர்விலக்கத்தைப் போட்டால் ஒரு கதையும் இருபது கேள்வியும் வரும். சரியான விடையைத் தொட வேண்டும். பின்னேரம் நாலரையிலிருந்து ஆறரை வரைதான் திறந்திருக்கும். நாங்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வரவே ஐந்தாகும்.

ஆறு பிள்ளைகள். என் போனில் அந்த லிங்க் திறக்காது. ஆக, ராஜியின் போன் ஒன்று. ஒன்றரை மணி நேரம்.

முதல் சோதினையில் கவிதா கால் மணியில் முடித்தாள். அடுத்தது லெச்சுமி அக்காவின் கடைசி மகன் மதன். அவன் முதலாம் கேள்வியிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். அவன் பின்னால் நான்கு பிள்ளைகள், நான்கு அம்மாமார். அடுப்பில் ரொட்டி கருகுகிற மணம் வேறு.

“எலா கவிதா, திரும்ப மொதல்லேருந்து தொறந்து அவனுக்கும் சேத்து அமத்திக் குடு தாயி” என்றாள் லெச்சுமி அக்கா.

கைப்பிடிக் கொழுந்து

எங்களைத் தெரியாதவர்களுக்கு இது களவாகத்தான் தெரியும். எங்களுக்கு அப்படித் தோன்றவே இல்லை.

மலையில் இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி பிள்ளை பெற்று இப்போதுதான் வேலைக்கு வந்தவள், ஒருத்திக்கு விழுந்த செடி நிரையே மோசம் என்றால், நிறுக்கப் போகும் முன் பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு இரண்டு கைப்பிடி அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. கங்காணி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிப் பீடி பற்ற வைப்பார்.

எனக்குப் பவித்ரா வயிற்றில் இருந்தபோது ஏழாம் எட்டாம் மாதங்களில் என் கூடையில் இருந்தது பாதி ராஜியின் கொழுந்து. அதை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அந்தப் பழக்கம்தான். ஆறு பிள்ளைகளில் ஒருத்தியிடம் நிறைய இருக்கிறது; மற்றவர்களுக்குக் குறைகிறது. அள்ளிப் போட்டுக் கொடுத்தோம்.

அதிலும் லெச்சுமி அக்காவுக்கு ஒரு முன்யோசனை. “எல்லாருக்கும் ஒரே கிலோ விழுந்தா கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துரும்டி. கூட்டிக் கொறச்சுப் போடச் சொல்லு.” அப்படியே ஆளுக்கு எத்தனை புள்ளி போட வேண்டும் என்று அவளே பிரித்தாள். மதனுக்குப் பதினைந்து. மற்ற மூன்று பேருக்கும் பதினாறு, பதினான்கு, பதினேழு.

“பவித்ராவுக்கு?” என்று கேட்டாள் கவிதா.

இங்கேதான் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். பதினெட்டுக்குக் குறைந்தால் அவளைக் கடைசி வாங்குக்கு அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். எனக்கு எதற்கும் பயம். பஸ் வராவிட்டால் பயம், வந்தால் பிரேக் இருக்கிறதோ என்று பயம்.

“ஒரு பதினெட்டுப் போட்டு விடும்மா” என்றேன்.

டீச்சரின் குரல்

பவித்ரா வீட்டில் சத்தமாக வாசிப்பாள். அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே ரொட்டி தட்டுவேன். நிறுத்தாமல், தடங்காமல் வாசிப்பாள். என் பயங்களில் அது ஒன்றுதான் இல்லாமல் இருந்தது.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால், மழைக்கு வேலை நிறுத்தி நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்து யானைப் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று துவாயால் என் தலையைத் துவட்டினேன்.

“யானை தன் தும்பிக்கையால் தண்ணீரை உறிஞ்சியது. சரியோ பிள்ளையள்? இப்ப அடுத்த பக்கத்துக்கு வாங்கோ” என்று வாசித்தாள் என் மகள்.

துவாய் அப்படியே தலையில் நின்றது.

கந்தப்பளைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. யாழ்ப்பாணப் பேச்சு எங்கிருந்து வந்தது? குனிந்து புத்தகத்தைப் பார்த்தேன். யானை இருந்தது. தும்பிக்கை இருந்தது. “சரியோ பிள்ளையள்” இல்லை.

வீடியோவைப் போட்டுப் போட்டுக் கேட்டு அத்தனையையும் மனதில் ஏற்றியிருக்கிறாள். டீச்சர் இருமிய இடத்தில் அவளும் கொஞ்சம் நிறுத்துவாள். அதை நான் நிறுத்தற்குறி என்று நினைத்துச் சந்தோசப்பட்டிருக்கிறேன்!

பின்னால் இருந்த, இன்னும் படிப்பிக்காத பாடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். “இத வாசி.”

பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இதுக்கு இன்னும் வீடியோ வரலம்மா” என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. நான் ஏழாம் ஆண்டோடு நின்றவள். அம்மா கையை முறித்துக்கொண்ட வருடம், தம்பியைப் பார்க்க ஆள் இல்லை, ஒரு மாதம் நில் என்றார்கள். ஒரு மாதம் கழித்துப் போனபோது வகுப்பில் பின்னக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஆட்டி, அந்தத் தவணை முடிவில் நானாகவே வீட்டில் நின்றுகொண்டேன். யாரும் வந்து கேட்கவில்லை.

பவித்ரா இப்போது ஆட்டுவது அதே தலை. அடுத்த வருடம் ஐந்தாம் ஆண்டு, புலமைப்பரிசில் பரீட்சை. அதற்குள் எழுத்துக் கூட்ட வராவிட்டால் பிறகு எந்த வகுப்பிலும் யாரும் நின்று சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு சனிக்கிழமை வகுப்பு வருகிறது. அவள் அதற்குள் போக முடியாது. ஏன்? நன்றாக வாசிக்கிறாள் என்று பச்சைக் கட்டம் சொல்கிறது. கட்டத்துக்குப் பச்சை அடித்தது நான்.

கூடின புள்ளி

யாருக்கும் தெரியாமல் சரிப்படுத்திவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். கூட்டம் முடிந்து வந்த சனிக்கிழமை இன்னொரு சோதினை வந்தது. எங்கள் லயத்துக்கு மேலே வாடகைக்கு இருந்து போன் திருத்துகிற ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் என் போனில் அந்த லிங்க் திறக்கும்படி செய்துகொண்டு வந்தேன். பவித்ராவை உட்கார வைத்தேன். “யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நீயே செய்யி.”

ஒன்றரை மணி நேரம். போன் சுட்டது. அவள் மூக்கு நுனியில் வியர்வை. கடைசியில் புள்ளி வந்தது: இருபதுக்கு நான்கு.

அப்பாடா என்றிருந்தது. பிள்ளை நாலு புள்ளி எடுத்ததற்கு மூச்சு விட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த நிமிடம் பெயருக்குப் பக்கத்தில் பார்த்தால் பதினெட்டு, பச்சை. அசையவே இல்லை. கொழும்புக்குக் கோல் எடுத்தேன்.

“அது கூடின புள்ளியத்தான் வச்சிக்கும் போலருக்கு” என்றார் என் கணவர். “புள்ளைங்களுக்கு நல்லதுதானே. ஒருநா கொறஞ்சாலும் பாதிப்பில்ல.”

“இங்க பாதிப்பே அதுதாங்க!”

“என்னா சொல்ற? கேக்கல. கடையில ஆள் நிக்கிது.”

மலையில் கூட ஒரு நாள் கிலோ குறைந்தால் குறைந்ததுதான். இந்த மெஷினுக்கு ஒருமுறை பொய் சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

ராஜி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். லெச்சுமி அக்கா பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றாள். நான் போய் நின்றேன்.

“ராஜி, நான் டீச்சர்கிட்ட சொல்லிறப் போறேன்.”

“என்னான்னு?”

“பவித்ராவுக்கு வாசிக்க வராதுன்னு. அந்தப் புள்ளி அவ எடுத்தது இல்லேன்னு.”

அவள் துணியைக் கல்லில் போட்டாள். “அப்ப யாரு எடுத்தான்னு கேப்பாங்க. எம் மக பேரச் சொல்லுவ.”

“சொல்ல மாட்டேன்டி.”

“நீ சொல்ல வேணாம். அவங்களுக்குத் தெரியாதா? டெப் குடுக்குறதா பேரு போயிருக்கு ஜெயா. எங்க வீட்டுல ஒருத்தருக்குச் சும்மா கெடச்ச மொத சாமான் அது. கவிதா அதுக்கு ஒற தைக்கிறதுக்குத் துணி எடுத்து வச்சிருக்கா.”

நான் அவள் பிழிந்து வைத்த துணி ஒன்றை எடுத்து உதறினேன்.

“நாம களவா எடுத்தோம்?” என்றாள் லெச்சுமி அக்கா. “கொறஞ்ச புள்ளைக்குப் போட்டுக் குடுத்தோம். அதுக்குப் போயி ஒப்பாரி வைக்கிற.”

“அக்கா, கொழுந்து போட்டுக் குடுத்தா சம்பளம் வரும். இதுல அவளுக்கு என்னா வந்துச்சு? ஒங்க மதன் வாசிப்பானா?”

லெச்சுமி அக்கா வெற்றிலையைத் துப்பினாள். “அவங்க அப்பன் வாசிச்சானா?”

“நீ பயந்தாங்கொள்ளி” என்றாள் ராஜி, என்னைப் பார்க்காமல். “பதினெட்டுப் போடச் சொன்னதும் பயத்துல. இப்ப சொல்லப் போறதும் பயத்துல. நடுவுல எம் புள்ள.”

அது உண்மை.

மூன்று நிமிடம்

திங்கட்கிழமை அரைநாள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அரைநாள் சம்பளம் போகிறதே என்று வழியெல்லாம் ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

டீச்சர் தனியாக உட்கார்ந்து பட்டியலைக் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வட்டத்தைக் கண்டதும் ஒரு தெம்பு. இன்னும் போகவில்லை.

“டீச்சர், எங்க பவித்ராவுக்கு வாசிக்கத் தெரியாதுங்க. அந்தப் பதினெட்டு நான் போட்டதுங்க.”

“நீங்கள் போட்டதோ?”

“ஆமாங்க.”

“உங்களுக்குப் போனைத் திறக்கவே பிள்ளை வேணும் எண்டு போன மாதம் சொன்னனீங்கள்.”

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினார். ஒரு அட்டவணை. “இதைப் பாருங்கோ. ஒவ்வொரு பிள்ளையும் சோதினை செய்ய எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு இருக்கு. கவிதா பதினாலு நிமிசம். பவித்ரா மூண்டு. மதன் மூண்டு. உங்கட லயத்து மற்றப் பிள்ளையள் மூண்டு பேரும் மூண்டு நிமிசம். ஆறு பேருக்கும் ஒரே போன்.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியுமாங்க?”

டீச்சர் மேசையில் இருந்த சோக்குத் துண்டை எடுத்து வைத்தார். “பச்சை கூடின வகுப்பெண்டு கந்தோரில என்னைப் பாராட்டினவை. அந்தத் திரையும் அதாலதான் வந்தது. நேரத்தைப் பாத்தனான்தான். பாக்காத மாதிரி இருந்திட்டன்.”

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. இத்தனை நாள் நான் ஒருத்தி தூக்கமில்லாமல் செத்துக்கொண்டிருந்தேனே! லயம் ஏமாற்றியது, டீச்சர் தெரிந்துகொண்டே இருந்தார், கந்தோர் கை தட்டியது, திரை வந்து சுவரில் ஏறியது. இவ்வளவும் நடந்தும் என் பிள்ளைக்கு ஒரு வரி வாசிக்க வரவில்லை.

“அப்ப இப்ப என்னாங்க செய்றது?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அப்படி ஒரு டீச்சரிடம் நான் பேசியதே இல்லை.

அவர் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சுற்றிக்கொண்டிருந்த அந்த வட்டத்தை நிறுத்தினார்.

“ஒரு பிள்ளைக்கு மட்டும் மாத்த ஏலாது. முழு வகுப்பின்ரயும் அழிச்சுப்போட்டுத் திருப்பி வைக்க வேணும். ஏன் அழிச்சனான் எண்டு நான் கடிதம் எழுத வேணும்.” மூச்சு விட்டார். “கவிதாவின்ர பேரும் அதோட போயிடும். அந்த டெப் வேற பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும்.”

“அந்தப் புள்ள தன்னோடத ஒழுங்காத்தான் செஞ்சிச்சுங்க.”

“தெரியும். ஆனா கட்டங்களுக்கு அது தெரியாது.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அந்த இடத்தில் ஒரு நிமிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.

பென்சில்

அந்த வியாழக்கிழமை இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் திரும்பச் சோதினை வைத்தார்கள். வைத்த நேரம் தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை. லட்ச லட்சமாகச் செலவழித்த திரை கறுப்பாக நின்றது. டீச்சர் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கடதாசியும் பென்சிலும் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வட்டம் சுற்றவில்லை. யாரும் பாஸ்வேர்ட் கேட்கவில்லை.

பவித்ரா மூன்று. மதன் நான்கு. எங்கள் லயத்து மற்ற மூன்று பேரும் எப்படியோ பச்சைக்கு வந்துவிட்டார்கள்.

“பாத்தியாடி” என்றாள் லெச்சுமி அக்கா. “எம் புள்ள ஒம் புள்ளைய விட ஒண்ணு கூட.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை மதனுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலாவதாகப் போனது அவள்தான்.

எட்டுப் பேருக்குத்தான் அனுமதி என்று கடிதத்தில் இருந்ததாம். “கடிதத்தில எட்டு. கதிரை என்னட்ட இருக்கு” என்று சொல்லி டீச்சர் மூன்றாம் ஆண்டு வகுப்பிலிருந்து இரண்டு நாற்காலிகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கடிதம் எழுதியதற்கு அவருக்குக் கந்தோரில் என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கவிதா பத்தொன்பதே எடுத்தாள். டெப் வரவில்லை.

பலகைச் சுவர்

ராஜி மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. மலையில் என் பக்கத்து நிரையைக் கங்காணியிடம் சொல்லி மாற்றிக்கொண்டாள். பீலியில் நான் நின்றால் குடத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

நாலாவது வாரம் என் போனில் ஒரு படம் வந்தது. கவிதாவின் கொப்பித் தாள் ஒன்றை ராஜி படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பவித்ரா அவள் போனில் செய்த சோதினைகள், பார்த்த வீடியோக்கள், ஒவ்வொன்றுக்கும் போன டேட்டாக் காசு, வரிசையாக. அடியில் கோடு போட்டு, மொத்தம் அறுநூற்று நாற்பது ரூபாய். வேறு ஒரு எழுத்து இல்லை.

என் காம்பரா வீட்டுக்கும் ராஜியுடையதுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். இருமினால் கேட்கும். அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்களுக்குள் மா, சீனி, மண்ணெண்ணெய், பிள்ளைகளின் சட்டை என்று எவ்வளவோ போய் வந்திருக்கிறது. எழுதி வைத்த கணக்கு இதுதான் முதல்.

சம்பளத்தன்று இருநூறு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றே வாங்கி எண்ணினாள். “மிச்சம் நானூத்தி நாப்பது” என்றாள். ஒரு மாதத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

அடுத்த சம்பளத்துக்கு நான் போகப் பிந்திவிட்டது. அவளே வந்துவிட்டாள். இருநூறை வாங்கிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே பவித்ரா மாவுப் பக்கெட்டில் அச்சடித்திருந்ததை எழுத்தெழுத்தாக இழுத்துக்கொண்டிருந்தாள். நாலு எழுத்துக்கு ஒருதரம் முட்டி, திரும்ப முதலிலிருந்து வந்தாள். யாருடைய குரலும் அதில் இல்லை. அவளுடைய குரல்தான், கரகரவென்று.

“எந்த நேரமும் இப்படித்தானா?” என்றாள் ராஜி.

“காது வலிக்குதுடி. நிறுத்துறாளே இல்ல.”

ராஜி கதவை விடவில்லை. உடனே போகவும் இல்லை. பவித்ரா அந்த வரியை முடிக்கும்வரை நின்றாள். முடிந்ததும் போய்விட்டாள்.

மூன்றாம் சம்பளத்துக்கும் அவளே வந்தாள். என் கையில் அன்றைக்கு மிச்சம் இருநூற்று நாற்பதும் இருந்தது. நூறு ரூபாயை மட்டும் நீட்டினேன்.

“இவ்வளவுதானா?”

“அடுத்த மாசம் தர்றேன்டி.”

என் முகத்தை ஒரு முறை பார்த்தாள். “சரி. வந்து வாங்கிக்கிறேன்.”

இதையும் அவள் வாசிப்பாள். வாசித்துவிட்டு நேரே வந்து ஏசட்டும், கதவு திறந்துதான் இருக்கும். ராஜிக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நூற்று நாற்பது ரூபாய்.